பழைய காரும் மறைந்த உழைப்பும்: முலூஸ் சேகரிப்பை முன்வைத்துச் சில சிந்தனைகள்

பழைய மோட்டார்க் கார்களைத் தேடிப் பெற்று, பழுது நீக்கி, துலக்கி, காட்சிக்கு வைப்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றே பொதுவாகக் கருதப்படுகின்றது. இலக்கிய ஆய்வைத் தொழிலாகக் கொண்ட நாம் இதனை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். முற்போக்கு அணியைச் சார்ந்த நண்பர்கள் சிலர், 'இது பூர்சுவாக்களின் விளையாட்டு. இதில் ஆராய என்ன உண்டு?' எனக் கேட்கவுங் கூடும். அவ்வாறு ஒரு சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு சமூகம் தன் பழம்பொருள்களில் எதனைக் காக்கின்றது, யார் கையினாற் காக்கின்றது, காத்தபின் யாருடைய பெயரை அதன்மேல் எழுதுகின்றது என்பன பண்பாட்டு வரலாற்றின் அடிப்படை வினாக்களாகும். ஏட்டுச்சுவடிக்கு இவ்வினாக்கள் பொருந்துமாயின் எஞ்சினுக்கும் பொருந்தும்.

இப்பொழுதுபோக்கின் தோற்றத்தைச் சுருக்கமாக நோக்குவோம். பிரித்தானியாவிற் பொதுவீதிகளில் மோட்டார் வண்டிகளுக்கிருந்த வேகத்தடை 1896ஆம் ஆண்டுச் சட்டத்தினாலே தளர்த்தப்பட்டது. மணிக்கு 4 மைல் என்றிருந்த எல்லை 14 மைலாக உயர்ந்தது. அதனைக் கொண்டாடும் முகமாக அவ்வாண்டு நவம்பர் 14ஆம் திகதி லண்டனிலிருந்து பிரைற்றனுக்கு ஓர் ஊர்வலம் புறப்பட்டது. 1927இல் அவ்வோட்டம் பழைய வண்டிகளைக்கொண்டு மீள நடத்தப்பட்டபோது, முப்பது ஆண்டுகளே கழிந்த ஒரு யந்திரம் 'பழமை' என்னுந் தகுதியைப் பெற்றுவிட்டது. 1934இல் விண்டேஜ் கார்களுக்கென ஒரு கழகம் அமைக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டின் முடிவுக்கு முன் செய்யப்பட்ட கார்களையே அது ஏற்றுக்கொண்டது. பெரும் பொருளாதார மந்தத்தின் பின் கார் உற்பத்தி மலிவான தொகை உற்பத்தியாகத் தாழ்ந்துவிட்டது என்னும் மனக்குறையே இவ்வெல்லைக்குக் காரணம். கழகத்தைத் தொடங்கியோர் பெருஞ்செல்வர் அல்லர் என்பதும், பழைய காரை மலிவாக வாங்கித் தம் கையாலே திருத்திய இடைத்தர மக்களே அதில் நிறைந்திருந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கன. இன்று அப்பொழுதுபோக்கைச் சூழ்ந்திருக்கும் பணத்தின் மினுமினுப்பை அதன் தொடக்கத்தோடு சேர்த்து மயங்குதல் ஆகாது.

திருத்தும் வேலை எத்தகையது என்பதனைச் சற்று விரிவாகக் காண்பது அவசியம். 1920களிற் செய்யப்பட்ட ஒரு காரின் உடல் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் உலோகத்தகடு போர்த்தப்பட்டதாகும். தகடு வெளியே நன்றாயிருப்பினும் உள்ளே மரம் உக்கிப்போயிருக்கும். தகட்டைக் கிழியாமற் கழற்றி, உக்கிய சட்டத்தையே அச்சாகக்கொண்டு புதுச்சட்டம் இழைத்தல் வேண்டும். எஞ்சினின் சுழல்தண்டு தாங்கிகள் பெரும்பாலும் வெள்ளீயக் கலவையால் ஆனவை. அவை தேய்ந்துவிட்டாற் கடையிற் சென்று வாங்கிவிட முடியாது. உலோகத்தை உருக்கி ஊற்றி, கடைந்து, பின்னர் தண்டிலே நீலநிற மையைப் பூசிச் சுழற்றிப் பார்த்து, மை படிந்த மேட்டை மட்டும் கையாற் சுரண்டி, மீளவுஞ் சுழற்றிப் பார்த்து, மை எங்கும் ஒரேயளவாகப் படியும்வரை அவ்வேலையைத் தொடரவேண்டும். அவசரம் இதற்கு எதிரி. வளைந்த தகட்டை உருளைகளுக்கிடையே நூறுமுறை முன்னும் பின்னும் செலுத்தி வடிவுக்குக் கொண்டுவருபவனின் உள்ளங்கைக்குத் தெரியும் மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இங்கேதான் நாம் கொச்சைப் பொருள்முதல்வாதிகளோடு கருத்து வேறுபடுகின்றோம். கிழமை முழுவதும் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ தன் உழைப்பின் நோக்கத்தையும் வேகத்தையும் பிறர் தீர்மானிக்க விட்டிருக்கும் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை தன் கொட்டகையில் ஒரு தாங்கியைச் சுரண்டும்போது அவ்விரண்டையுந் தானே தீர்மானிக்கின்றான். 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளில் மார்க்ஸ் அந்நியமாதல் பற்றிக் கூறியவற்றைப் பயின்றோருக்கு இதன் கவர்ச்சி விளங்காதிருக்க நியாயமில்லை. தொழிற்பிரிவினையால் துண்டாடப்பட்ட வேலை இங்கு முழுமையாக ஒரு கைக்குள் மீள்கின்றது. அது கிழமைக்கு ஒருநாள் மட்டுமே மீள்கின்றது என்பதும், அதற்கும் கையிற் காசு வேண்டும் என்பதும் அதன் வரையறைகள். வரையறைகளைக் கூறுவதற்காகக் கவர்ச்சியை மறுக்கவேண்டியதில்லை.

எனினும் பிறருடைய உழைப்பைக் கூலிக்குக்கொண்டு திருத்துவிக்கும் இடத்து நிலைமை முற்றாக மாறுகின்றது. இதற்கு முலூஸ் நகரச் சேகரிப்பைக் காட்டிலும் தெளிவான உதாரணத்தை நாம் அறியோம்.

முலூஸ் பிரான்சின் அல்சாஸ் மாநிலத்தில் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் நெசவாலைகளின் பெருக்கத்தால் 'பிரான்சின் மான்செஸ்டர்' என வழங்கப்பெற்ற நகரம் அது. ஹான்ஸ் ஷ்லும்ப், ஃபிரிட்ஸ் ஷ்லும்ப் என்னும் சகோதரர் இருவர் கம்பளி வணிகத்திலே தொடங்கி, 1930களிலிருந்து அல்சாசின் கம்பளி ஆலைகள் பலவற்றைத் தம்வசப்படுத்தினர். இளையவரான ஃபிரிட்சுக்குப் புகாட்டிக் கார்களில் அடங்கா வேட்கை. 1960களின் தொடக்கம் முதல் அவர் ஐரோப்பாவெங்கும் கடிதம் எழுதியும் முகவர்களை அனுப்பியும் கார்களை வாங்கிக் குவித்தார். 1963இல் புகாட்டித் தொழிற்சாலையிடமிருந்தே ஒரு தொகுதியும், 1964இல் அமெரிக்காவின் இல்லினோய் மாநிலத்திலிருந்து 30 புகாட்டிக் கார்களும் வந்து சேர்ந்தன. பின்னவற்றை 85,000 டொலருக்கு விற்றவரின் பெயர் ஷேக்ஸ்பியர்! நாடகாசிரியரோடு தொடர்புபடுத்த வேண்டாம்.

வாங்கிய கார்கள் முலூசில் மூடிக்கிடந்த ஒரு நூற்பாலைக்குள் கொண்டுசெல்லப்பட்டன. பொறிவினைஞர், தச்சர், தோல்வேலை செய்வோர் என ஏறத்தாழ 40 பேர் அங்கே திருத்தவேலைக்கு அமர்த்தப்பட்டனர். உள்ளே நடப்பதை வெளியே சொல்வதில்லை என்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. 17,000 சதுர மீற்றர் பரப்புடைய மண்டபத்தில், பாரிசின் மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்து விளக்குகளைப் பின்பற்றி வார்க்கப்பட்ட எண்ணூறளவான விளக்குத்தூண்கள் நடப்பட்டன. அவற்றினடியிலே கார்கள் வரிசையாக நின்றன. பார்ப்போர் எவருமிலர். நூல் நூற்ற ஆலையில் நூற்றவர்களின் உபரி மதிப்பு, மினுக்கிய உலோகமாகி இருட்டறையில் உறைந்துகிடந்தது என்று கூறினால் அது வெறும் உருவகமன்று. நிறுவனங்களின் பணம் சேகரிப்புக்குத் திருப்பப்பட்டது என்பதே பின்னர் சகோதரர்மீது எழுந்த குற்றச்சாட்டின் சாரம்.

1970களில் ஐரோப்பிய நெசவுத் தொழில் நெருக்கடிக்குள்ளாகியது. 1976இல் ஷ்லும்ப் ஆலைகளில் ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நிகழ்ந்தன. சகோதரர் எல்லை கடந்து சுவிற்சர்லாந்தின் பாசல் நகருக்குச் சென்றுவிட்டனர். 1977 மார்ச் 7ஆம் திகதி சி.எஃப்.டி.டி. தொழிற்சங்கத்தினர் முலூஸ் ஆலைக்குள் புகுந்தனர். வேலையில்லை, பணமில்லை எனக் கைவிரிக்கப்பட்டவர்கள், நூற்றுக்கணக்கான கார்களுக்கு முன்னே நின்றனர்.

பின்னர் அவர்கள் செய்தது யாது? திருத்தப்படாத ஓர் ஒஸ்ரின் செவன் காரைத் தீயிட்டு எரித்தனர். ஏனையவற்றை எரிக்கவில்லை, உடைக்கவில்லை. கட்டடத்தைத் தம் கட்டுப்பாட்டில் இரண்டு ஆண்டுகள் வைத்திருந்து, தொழிலாளரின் ஆலை எனப் பெயரிட்டு, மக்களுக்குத் திறந்துவிட்டனர். இலட்சக்கணக்கானோர் வந்து பார்த்தனர். யந்திரங்களை உடைத்த லுடைட்டுகளின் காலத்திலிருந்து தொழிலாளி வர்க்கம் கடந்துவந்த தூரத்தை அளக்க இதைவிடச் சிறந்த அளவுகோல் அரிது. அவர்கள் அக்கார்களைத் தம் முதலாளியின் பொம்மைகளாக மட்டும் காணவில்லை. தம் கூலியாகவும், தம்மையொத்த வினைஞரின் கைவேலையாகவுங் கண்டனர். ஒரு முரணையும் இங்குச் சுட்டவேண்டும். எரிக்கப்பட்ட ஒஸ்ரின் செவன் 1922இல் சாமானியரும் வாங்கத்தக்க மலிவான சிறுகாராக அறிமுகப்படுத்தப்பட்டது. அரசருக்கென்றே திட்டமிடப்பட்ட புகாட்டி ரோயல் தப்பியது. ஏழையின் கார் எரிந்தது. விலைமதிப்பு தொழிலாளரின் கையையும் தடுத்து நிறுத்தியது போலும்.

அந்த ரோயலின் கதையுஞ் சிறிது. 12.7 லீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சினோடு அரச குடும்பங்களுக்கென வடிவமைக்கப்பட்ட அக்கார் ஆறே ஆறு செய்யப்பட்டது. பொருளாதார மந்தத்தில் மூன்றே வாடிக்கையாளர் கைக்குச் சென்றன. மிஞ்சிய எஞ்சின்களும் அவ்வகையிற் செய்யப்பட்டனவும் பிரெஞ்சுப் புகையிரதப் பாதைகளிற் பொதுமக்களை ஏற்றிச்சென்ற தானியங்கிப் பெட்டிகளில் பொருத்தப்பட்டன. தொழிற்சாலைக்கு வருவாய் தேடித்தந்தவை அவையே. 1936இல் மக்கள் முன்னணிக் காலத்து வேலைநிறுத்தம் மொல்செம் நகரிலிருந்த அத்தொழிற்சாலையையும் தொட்டது. தம்மைத் தொழிலாளரின் தந்தையாகக் கருதியிருந்த எத்தோரே புகாட்டி மனமுடைந்து பாரிசுக்குப் பெயர்ந்தார். புகாட்டி பற்றிய அழகிய படநூல்களில் இவ்வேலைநிறுத்தம், நன்றிகெட்ட பிள்ளைகளின் செயல்போல ஓரிரு வரிகளிற் கடந்துபோகும்.

முலூஸ் சேகரிப்பு 1978இல் பிரெஞ்சு அரசினால் வரலாற்றுச் சின்னமாக வகைப்படுத்தப்பட்டது. இதனால் அதனைப் பிரித்து விற்பதும் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதும் தடைப்பட்டன. 1979இல் தொழிலாளரின் ஆக்கிரமிப்பு முடிவுக்கு வந்தது. 1981இல் ஒரு சங்கம் அதனை வாங்கியது. 1982இல் தேசிய அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. நீண்ட வழக்குகளின் பின் சகோதரரின் பெயர் அருங்காட்சியகத்தின் பெயரோடு சேர்க்கப்பட்டது. விளக்குத்தூண்களின் கீழே கையொடுங்கி வேலைசெய்த அந்த நாற்பதின்மரின் பெயர் அதில் இல்லை.

சேகரிப்பிற் பிறிதொரு வினாவும் அடங்கியுள்ளது. ரோயல் ஒன்றின் முதல் உடலமைப்பு 1930களிலேயே மாற்றப்பட்டுவிட்டது. மறைந்துபோன அவ்வடிவத்தை, எஞ்சியிருந்த உதிரிப்பாகங்களைக்கொண்டு முலூசில் மீளச் செய்துவைத்திருக்கின்றனர். இது மூலமா, போலியா? பதிப்பாசிரியருக்கு இவ்வினா புதிதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோதும், அவருக்குப் பின்வந்தோர் ஏனைய சங்க நூல்களைப் பதிப்பித்தபோதும் எதிர்கொண்ட சிக்கல் இதுவே. செல்லரித்த இடத்தை ஊகித்து நிரப்புவதா, அன்றிச் சிதைவைச் சிதைவென்றே காட்டுவதா? நல்ல பதிப்பாசிரியன் தன் திருத்தத்தை அடிக்குறிப்பிலே அறிவிப்பான். காரைத் திருத்துவோரில் நேர்மையானவர்களும் புதிதாகச் செய்த பாகத்தில் அடையாளம் பொறித்துவைப்பர். மற்றையோர் புதுத்தகட்டுக்குப் பழைய இலக்கத்தை அடித்துவிடுவர்.

நீதிமன்றமும் ஒருமுறை இவ்வினாவுக்கு விடைகூற நேர்ந்தது. 1929இலும் 1930இலும் லெமான் ஓட்டத்தில் வெற்றியீட்டிய பென்ற்லி கார் ஒன்று பெருந்தொகைக்கு விலைபேசப்பட்டது. முதற் பாகங்கள் அதில் மிகச் சொற்பமே எஞ்சியுள்ளன எனக் கூறி வாங்குவோர் பின்வாங்கினர். 1990இல் லண்டன் மேல்நீதிமன்றம், பாகங்கள் மாறினும் இடையறாத வரலாறு உண்டாதலால் அது அக்காரே எனத் தீர்த்தது. பாடபேதங்களோடு வாழ்ந்து பழகிய எமக்கு இத்தீர்ப்பு உவப்பானதே. ஆயினும் இத்தனை கூர்மையான வாதம் எழக் காரணம் அறிவார்வமன்று, விலை. 2022இல் 1955ஆம் ஆண்டு மேர்சிடிஸ் கார் ஒன்று 13.5 கோடி யூரோவுக்குக் கைமாறியது. ஓடுவதற்கென்று செய்யப்பட்ட பொருள் ஓடாதிருப்பதனாலேயே விலையேறுகின்றது. பயன்மதிப்பு முற்றாக வற்றிய பின்னரும் பரிவர்த்தனை மதிப்பு எவ்வளவு தூரம் வளரும் என்பதற்கு இதனினும் மேலான பாடநூல் உதாரணம் கிடைக்காது.

இதற்கு நேரெதிரான ஒரு காட்சியை யாழ்ப்பாணத்தில் நாமே கண்டிருக்கின்றோம். 1960களின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் இறக்குமதிக் கட்டுப்பாடும் காரணமாகப் புதிய கார்கள் அரிதாகின. 1950களில் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலியவற்றையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டியதாயிற்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் தடைப்பட்டது. அப்போது கராஜ்காரர் கண்ட வழி மண்ணெண்ணெய். சில துளி பெற்றோலைக் கார்ப்புரேற்றரினுள் விட்டு எஞ்சினை இயக்கிச் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பிந்திய கார்களைவிட ஏ-40 இதற்கு ஈடுகொடுத்தமைக்குக் காரணம் அதன் எஞ்சினின் அமுக்க விகிதம் குறைவாயிருந்தமையே. தரங்குறைந்த எரிபொருளிலும் அது அதிகம் இடியாது. ஆயினும் எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனைத் தண்ணீராக்கிவிடும். வால்வுகளிற் கரி படியும். அடிக்கடி கழற்றித் துப்புரவாக்கவேண்டும். எமது பிள்ளைப் பருவத்தில் ஒழுங்கைகளிற் கமழ்ந்த அப்புகையின் மணத்தை இன்றும் மறக்க இயலவில்லை. நோயாளியும் பிள்ளைத்தாச்சியும் ஆசுபத்திரிக்குச் சென்றது அவ்வண்டிகளில்.

அவ்வண்டிகளும் இன்று 'விண்டேஜ்' என்னும் பெயரைப் பெறத் தொடங்கியுள்ளன. மூலநிலைக்குத் திருப்புவதையே இலட்சியமாகக் கொண்ட ஒருவர் அவற்றுள் ஒன்றை வாங்குவாராயின், முதலிற் கழற்றி எறிவது எதனை? எஞ்சின் மூடியின்கீழ்க் கம்பியாற் கட்டப்பட்ட சிறு போத்தலையும், தகரத்தில் வெட்டிச் செய்த ஒட்டுக்களையும், கடைச்சற்பட்டறையில் உள்ளூரார் கடைந்த பாகங்களையுமே. லோங்பிரிஜ் தொழிற்சாலையின் 1952ஆம் ஆண்டு மீளும். 1990களின் யாழ்ப்பாணம் அகலும். அப்பாகங்களைச் செய்த வினைஞருள் முதியோர் சிலர் இன்றும் நம்மிடையே உளர். அவர்களது வாய்மொழியையும் வரைபடங்களையும் தொகுப்பது பல்கலைக்கழகத்தாற் செய்யக்கூடிய காரியம். ஒலிப்பதிவுக் கருவியும் ஈருருளியும் இருந்தாற் போதும். மாணவர் இருவர் ஒரு விடுமுறைக்குள் தொடங்கிவிடலாம்.