வீட்டைச் செப்பனிடுதலும் அதன் விலைமதிப்பும்

கிராமங்களில் வீட்டைப் புதுப்பிக்கும் ஆர்வம் பெருகி வருவது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும், அதற்கெனச் செலவிடும் பணத்தில் எவ்வளவு வீட்டின் மதிப்பில் சேர்கிறது, எவ்வளவு வீணாகிறது என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மகளின் திருமணத்துக்கோ, படகுக்கு இயந்திரம் வாங்கவோ வீட்டை விற்க நேரும்போதுதான் இக்கணக்கு கண்ணுக்குப் புலனாகிறது. முகப்பில் வண்ண ஓடு பதித்த வீடாயிற்றே என்று வாங்க வருபவர் விலையைக் கூட்டித் தருவதில்லை. அவர் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்க்கிறார். பிறகு பத்திரத்தைக் கேட்கிறார்.

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள ஆரம்பாக்கத்தையும் அதன் கிழக்கே பழவேற்காடு ஏரியை அடுத்த குப்பங்களையும் எடுத்துக்கொள்வோம். இங்கு வீடு வாங்குவோர் இரு வகையினர். நெடுஞ்சாலையையும் இரயில் நிலையத்தையும் ஒட்டிய பகுதிக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் எல்லைக்கு அப்பால் ஸ்ரீசிட்டியிலும் வேலை செய்யும் குடும்பங்கள் வரக்கூடும். அவர்கள் வேண்டுவது கழிப்பறை, குழாய்த் தண்ணீர், தனி வாயில், தனி மின் இணைப்பு ஆகியவையே. ஒரு பகுதியை வாடகைக்கு விடத்தக்க வீடு அங்கே நல்ல விலை பெறும்.

ஏரிக்கரையில் நிலைமை வேறு. பழவேற்காட்டு ஏரியின் சில மீனவக் கிராமங்களில் ‘பாடு’ என்னும் முறை வழங்கி வருகிறது. எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை ஊரார் முறை வைத்துப் பகிர்ந்துகொள்வர். அவ்வுரிமை குடும்பத்தைச் சார்ந்தது, வீட்டைச் சார்ந்ததன்று. வீட்டை வாங்கும் வெளியூராருக்குப் பாடு கிட்டாது. ஆகவே, அங்கு வாங்குவோர் பெரும்பாலும் உறவினராகவோ உள்ளூராராகவோ இருப்பர். பிறர் கண்ணைக் கவரும் அலங்காரத்துக்கு அங்கே கடன் வாங்கிச் செலவிடுவது தகாது என்பதே நம் கருத்து.

எப்பகுதியாயினும் முதற் பகை உப்பே. உப்புக் காற்றும் ஈரமும் கான்கிரீட்டினுள் இறங்கிக் கம்பியைத் துருவேறச் செய்கின்றன. துருவேறிய கம்பி பருத்து, தன்னை மூடியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மச்சின் அடிப்புறம் பெயர்ந்து விழுவது இதனாலேயே. இதன்மேல் சிமெண்டுப் பூச்சும் வண்ணமும் பூசி மறைப்பது சிலரது வழக்கம். அடுத்த மழைக்குள் பூச்சும் பெயரும். அதற்கிட்ட பணமும் போகும். பெயர்ந்த பகுதியைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து நீக்கி, மிகவும் மெலிந்துவிட்ட கம்பிக்குத் துணையாகப் புதுக் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சிட்ட பின்னரே கலவை பூச வேண்டும். இது கொத்தனாரைக் கேட்டு மட்டும் முடிவு செய்யும் காரியமன்று. ஒன்றிய அலுவலகப் பொறியாளரைக் கலந்துகொள்ளலாம்.

புதிதாக அறை எடுப்போர் ஒன்றை மறவாதிருப்பார்களாக. கடலோரக் காற்று நேராகப் படும் கான்கிரீட்டில் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கனமேனும் மூடியிருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய விதி 456 (2000) கூறுகிறது. கம்பிக் கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. ஏரி நீரையும் ஏரி மணலையும் கிட்டத்தில் கிடைக்கின்றன என்று எடுத்துப் போடுவது, வீட்டுக்குள்ளேயே பகையைக் குடியேற்றுவதாகும். பழைய செங்கற் சுவர்களுக்கோ கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சே ஏற்றது. அது சுவரின் ஈரத்தை வெளிவிடும். சுண்ணாம்புக்குளம் என்று ஊருக்கே பெயர் வைத்த பகுதியில் இதனை நாம் எடுத்துச் சொல்ல நேர்வது சற்று வேடிக்கைதான்.

அடுத்தது தரையின் உயரம். 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்த புயலை முதியோர் அறிவர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை இம்மாவட்டத்தின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் தேங்கச் செய்தது. வெள்ளம் எதுவரை வந்தது என்பதே வாங்குபவர் கேட்கும் முதற் கேள்வி. இதில் ஊராட்சி உறுப்பினர்க்கும் பங்குண்டு. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன்மேலேயே புதுச் சாலை போட்டால், தெருவிலுள்ள வீடுகள் அனைத்தும் ஒரே நாளில் தாழ்ந்துவிடுகின்றன. வேலை தொடங்குமுன்பே இதனைக் கேட்டுத் தடுத்தல் வேண்டும்.

இனிப் பத்திரம். நத்தம் மனையாயின் பட்டா யார் பெயரில் உள்ளது என்று பார்க்க வேண்டும். தந்தையார் காலமாகிப் பல்லாண்டு கழிந்தும் பெயர் மாற்றாத பட்டாக்கள் எத்தனையோ. அரசு இலவசமாக வழங்கிய மனையாயின், பட்டாவிலுள்ள நிபந்தனைகளைப் படித்தறியாமல் விற்க முன்பணம் வாங்கலாகாது. ஓதநீர் எட்டும் ஏரிக்கரை, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு உட்பட்டது. அங்கு அனுமதியின்றி எழுப்பிய மாடி மதிப்பைக் கூட்டாது, குறைக்கும். பிற இடங்களில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறைப்படி இணையம் வழியே அனுமதி பெறலாம்.

ஒரு பேச்சுக்கு, கையில் 2 லட்சம் ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். பட்டா மாற்றம் முதலில். அதற்குச் செலவும் குறைவு. பிறகு மச்சின் ஒழுக்கை அடைத்துத் தட்டோடு பதித்தல். அதன்பின் கழிப்பறை, நிலத்தடி நீர் மேலாக உள்ள இடத்தில் கழிவுக் குழியின் அடி நீரைத் தொடாதவாறு மேடாக அமைக்க வேண்டும். மின்கம்பிகள் பழையனவாயின் அவற்றையும் மாற்றலாம். மீதி இருந்தால் வண்ணம் பூசலாம்.

கூரை வேலையைத் தை முதல் வைகாசிக்குள் முடித்துவிடுவது நலம். கோடையில் கான்கிரீட்டை நனைத்து வைக்க நல்ல நீர் தட்டுப்படுமாதலால், அதனை வேலைக்கு முன்பே தொட்டியில் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.