தோலில் தோன்றும் டி-செல் லிம்ஃபோமா: கண்டறிதலும் வகைப்படுத்தலும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணிபுரிவோர் அரிப்பும் செதிலும் கொண்ட திட்டுகளுடன் மருத்துவமனைக்கு வருவது வழக்கம். பெரும்பாலும் அவை படர்தாமரையாகவோ, சிமென்ட், எந்திர எண்ணெய் போன்றவை பட்டு உண்டான ஒவ்வாமையாகவோ இருக்கும். மிக அரிதாக, டி-செல் எனப்படும் வெள்ளணுக்கள் தோலில் புற்றுத்தன்மை அடைவதும் காரணமாகலாம். இது பிறருக்குத் தொற்றாது.

இவற்றுள் அதிகம் காணப்படுவது மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். முற்றிய நிலையில் தோன்றும் கட்டிகள் காளானை ஒத்திருந்ததால் வந்த பெயர் இது. பூஞ்சைக்கும் இந்நோய்க்கும் தொடர்பில்லை. தொழில்வழி ஒவ்வாமை பெரும்பாலும் கைகளில் தோன்றும். இந்நோயின் திட்டுகளோ பிட்டம், தொடை, அடிவயிறு என ஆடை மறைக்கும் இடங்களில் தொடங்கும். நம் நாட்டவரின் தோலில் இவை வெளிறிய திட்டுகளாகவும் தோன்றுவதால் தேமல், வெண்படை, தொழுநோய் எனக் கருதப்படுவதுண்டு. தொழுநோய்த் திட்டில் பொதுவாக உணர்ச்சி குறையும், இதில் குறைவதில்லை.

தோலில் சிறு துண்டு எடுத்துச் செய்யும் திசுப் பரிசோதனையே நோயை உறுதி செய்யும். ஆனால் தொடக்கத்தில் புற்றணுக்கள் குறைவு; முதல் அறிக்கை "சாதாரண அழற்சி" என்றே வரலாம். திட்டு ஆறாவிடில், மருத்துவர் வேறோர் இடத்திலிருந்து மீண்டும் திசு எடுக்கச் சொல்வார். அதனை மறுக்க வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பு நோயின் தடயத்தை மறைத்துவிடும். கண்டறிதலைத் தாமதப்படுத்துவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு என்பதே என் கருத்து. எந்தக் களிம்பு, எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

அடுத்தது வகை பிரித்தல். அணுக்களின் மேற்பரப்பிலுள்ள சிடி4, சிடி8, சிடி30 போன்ற புரதங்கள் சாயமேற்றிக் கண்டறியப்படும். உடல் முழுதும் சிவந்திருந்தால், செசாரி நோய்த்தொகுதியா என அறிய இரத்தமும் சோதிக்கப்படும். எனினும் நுண்ணோக்கி மட்டும் போதாது. சிடி30 காணப்படும் இரு வகைகளை எடுத்துக்கொள்வோம். லிம்ஃபோமடாய்டு பாப்புலோசிஸில் சிறு கொப்புளங்கள் சில வாரங்களில் தாமே ஆறி, மீண்டும் தோன்றும். பலருக்குக் கண்காணிப்பே போதும். அனாபிளாஸ்டிக் வகையில் கட்டி பெரும்பாலும் நிலைத்து வளரும். அதற்கு அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ தேவைப்படும். திசுவில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். புண் வந்து மறைந்த வரலாறு தெரியாவிட்டால் தேவையற்ற கீமோதெரபி அளிக்கப்படும் அபாயம் உண்டு. ஆகவே புண் தோன்றும்போதும் ஆறும்போதும் கைப்பேசியில் தேதியுடன் படம் எடுத்து வையுங்கள்.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலிருந்து சென்னைக்கு அனுப்பப்படும்போது, இப்படங்களுடன் பழைய அறிக்கைகளையும், திசு பதிந்த மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் கேட்டுப் பெற்று எடுத்துச் செல்லுங்கள். புதிய சோதனைகளை அம்மெழுகுக் கட்டியிலேயே செய்ய இயலும்.