திருவிழாக் கூட்டமும் வாடகை அறையும்

வெள்ளகோவில் வட்டாரத்தில் ஆண்டுக்கு இருமுறை ஜனங்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். மாசியில் மகா சிவராத்திரியையொட்டி வீரக்குமாரசாமி கோயில் தேர்த்திருவிழா. சித்திரையில் ஓலப்பாளையத்தை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் விழாவும், அதனுடன் கூடும் காங்கயம் மாட்டுச் சந்தையும். இக்கூட்டத்தைக் காணும் குடியானவர் ஒருவர், நிலத்தை அடமானம் வைத்துச் சாலையோரத்தில் நான்கு அறைகள் கட்டி வாடகைக்கு விடலாமே என எண்ணுவது இயல்பு. அதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறோம்.

நான்கு அறைகளுக்கு ஆண்டில் 1,460 இரவுகள். இரு விழாக்களிலுமாகப் பத்து நாட்கள் எல்லா அறைகளும் நிரம்பின என்றே கொள்வோம். நிரம்பியவை 40, நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அந்நாட்களில் வாடகையை இருமடங்காக்கினாலும், வட்டி மாதந்தோறும் வாசலில் வந்து நிற்கும்.

வருவோர் யாவர் என்பதையும் நோக்க வேண்டும். சிவராத்திரிக்கு வருபவர் கண் விழிக்க வருபவர். அவருக்குக் கட்டில் எதற்கு? சந்தைக்கு மாடு கொணர்ந்தவர் அதனைவிட்டு அகலார். அவருக்கு வேண்டியவை நிழல், தண்ணீர், வைக்கோல், குளிக்க ஓர் இடம், சுத்தமான கழிப்பிடம். இவற்றைக் கடனின்றியே அளித்துப் பொருளீட்டலாம்.

நெடிய பருவமுள்ள உதகையிலும் நிலைமை எளிதன்று. ஏப்ரல், மே மாதங்களில் நிரம்பும் விடுதிகள், தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வெறிச்சோடுகின்றன. உச்ச காலமும் விடுதிக்காரர் கையில் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரி செல்லும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதி நாட்களில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் வந்தது.

ஆகவே, வீட்டில் ஏற்கெனவே வெறுமையாக உள்ள அறையைச் செப்பனிட்டு விடுவதே நன்று எனக் கருதுகிறோம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டமும், உரிமையாளர் குடியிருக்கும் வீட்டில் ஒன்று முதல் ஆறு அறைகள் வரையே ஏற்றது. புதிதாகக் கட்டத்தான் வேண்டும் என்போர், விசைத்தறி, எண்ணெய், முருங்கை வியாபாரத்துக்காக வருவோரை நம்பட்டும். அவர்கள் விழாவுக்காகக் காத்திருப்பதில்லை. தேர்நாளன்று அல்ல, ஐப்பசியில் ஒரு மழைநாளில், ஊரிலுள்ள விடுதிகளில் எத்தனை அறைகள் பூட்டிக் கிடக்கின்றன என்று விசாரித்துவிட்டு அஸ்திவாரம் தோண்டலாம்.