மடிக்கணினியும் விரற்சுவடும்

கை தொட்ட இடத்திற் சுவடு பதிதல் இயல்பு. மரப்பலகையிலும் துணியிலும் அச்சுவடு கண்ணுக்குப் புலனாவதில்லை. கண்ணாடியிலும் மெருகேறிய கரிய பரப்பிலுமோ அது மறைந்திருக்க மாட்டாது. இன்று மாணவர் கையிலும் ஆசிரியர் மேசையிலும் இடம்பெற்றுவிட்ட மடிக்கணினி இவ்விரண்டாம் இனத்தைச் சார்ந்தது. வாங்கிய அன்று முகம் பார்க்கும் ஆடிபோல் ஒளிர்ந்த அதன் மூடி, ஒரு கிழமை கழியுமுன் சுவடுகள் படிந்து மங்கிவிடுகின்றது. கண்டவர் உடனே கையிலகப்பட்ட துணியால் அழுத்தித் துடைக்கின்றனர். கேடு தொடங்குவது அங்கேதான். விரற்சுவடு துடைத்தாற் போய்விடும். துடைத்ததனால் விழுந்த கீறலோ எக்காலத்தும் போகாது. இவ்வுண்மையையும், அதற்கேற்ற பராமரிப்பு முறையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துணைச் சிறிய பொருளைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமோ எனச் சிலர் வினவுதல் கூடும். 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360 ரூபா அளவுக்கு ஏறியது. பிற நாட்டிலிருந்து வரும் பொருளாகிய மடிக்கணினியின் விலையும் அதனோடு ஏறியது. தோட்டத்தில் உழைத்து வாழும் பெற்றோர்க்கு அது பல மாத ஊதியத்துக்கு ஈடான பொருள். 2020 மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டிலுள்ள ஒரே கருவியை அண்ணனும் தங்கையும் முறைவைத்துப் பயன்படுத்தியமை நம் பகுதியில் அரிய செய்தியன்று. எனவே ஒரு மடிக்கணினியின் வாழ்வு ஒருவர் கையோடு முடிவதில்லை. அண்ணன் உயர்தரம் முடித்தபின் அது தம்பிக்குச் செல்கின்றது. கல்லூரியிலுள்ளதோ வகுப்பு வகுப்பாகக் கைமாறுகின்றது. பின்வருவோர்க்கு அது தெளிந்த திரையோடு கிடைக்குமா, கீறல் மலிந்த திரையோடு கிடைக்குமா என்பது இன்று அதனைத் தொடுவோர் கையிலேயே இருக்கின்றது.

முதலில் விரற்சுவடு யாதென ஆராய்வோம். விரல் நுனியில் மெல்லிய வரம்புகள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. அவ்வரம்புகளின் மீது வியர்வைத் துளைகள் உள்ளன. ஒருவர் வரம்பு பிறிதொருவர் வரம்பை ஒவ்வாது. இதனைப் பிரான்சிசு கால்ற்றன் என்னும் ஆங்கில அறிஞர் 1892 இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். 1897 இல் கல்கத்தாவிற் கைரேகைப் பணியகம் அமைந்தபோது, அசிசுல் ஹக், ஏமச்சந்திர போசு என்னும் இந்தியர் இருவர் அவ்வரம்புகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதற்குப் பெரிதும் உழைத்தனர். கள்வனைக் காட்டிக்கொடுக்கும் அதே சுவடுதான் நம் மடிக்கணினியின் மூடியிலும் பதிகின்றது.

விரல் நுனியில் வியர்வைச் சுரப்பிகள் உண்டேயன்றி எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை என்பது இங்கே கருதத்தக்கது. வியர்வையிற் பெரும்பகுதி நீர். எஞ்சியது சிறிதளவு உப்பும் பிற பொருள்களுமாம். நீர் ஆவியாகிவிடும். அங்ஙனமாயின் மூடியிற் பளபளக்கும் எண்ணெய்ப் பசை எங்கிருந்து வந்தது? நாம் நம்மை அறியாமலே நெற்றியையும் மூக்கையும் தலைமயிரையும் அடிக்கடி தொடுகின்றோம். அங்குள்ள எண்ணெய் விரலில் ஏறி, விரலிலிருந்து கணினிக்குச் செல்கின்றது. காலையில் தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து வாரி வரும் மாணவனின் விரலில் இப்பசை சற்று மிகுதியாக இருப்பதில் வியப்பில்லை. இடைவேளையில் உண்ட வடையின் எண்ணெயும் அதனோடு சேருமாயின் சொல்லவேண்டுவதில்லை.

சொரசொரப்பான பரப்பு தன்மீது விழும் ஒளியை நாற்புறமும் சிதறச் செய்கின்றது. ஆதலின் அதன்மேற் படிந்த சுவடு கண்ணிற் படுவதில்லை. மெருகேறிய பரப்போ ஒளியை ஒரே திசையில் ஒழுங்காகத் திருப்பி அனுப்புகின்றது. அவ்வொழுங்கைச் சுவட்டிலுள்ள நுண்ணிய எண்ணெய்த் துளிகள் குலைத்துவிடுகின்றன. பரப்புக் கரியதாயின் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தோன்றும். 2006 ஆம் ஆண்டளவில் எச்.பி. கம்பனியார் தம் மடிக்கணினிகள் சிலவற்றுக்கு ஒருவகைப் பளபளப்பு மூடியை அமைத்து, அதற்கு 'இம்பிரின்ற்' எனப் பெயரிட்டனர். அச்சொல்லுக்குப் பதிவு, சுவடு என்பன பொருளாம். மூடியிற் பதித்த அழகிய கோலத்தை எண்ணியே அவர் அப்பெயரிட்டிருத்தல் வேண்டும். ஆயினும் வாங்கியோரின் விரல்கள் அப்பெயரை வேறுவகையிலும் மெய்ப்பித்துவிட்டன.

இனிக் கீறல் பற்றிக் கூறுவோம். ஒரு பொருளைக் கீற வல்லது அதனினும் கடினமான பொருளேயாம். மோசு என்னும் செருமானிய அறிஞர் 1812 இல் வகுத்த கடின வரிசையில் மணலுக்கு மூலமாகிய படிகக்கல் 7 ஆம் படியில் நிற்கின்றது. சாளரக் கண்ணாடி ஏறத்தாழ 5½ இலும், மூடிக்குரிய பிளாஸ்ரிக் வகைகள் 3 அளவிலோ அதற்குக் கீழோ நிற்கின்றன. தெருப் புழுதியில் இப்படிகத் துணுக்குகள் நிறைய உண்டு. புழுதி படிந்த மூடியை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தல், அரத்தாள் கொண்டு தேய்த்தலையே ஒக்கும். மூடியிற் காணப்படும் வட்ட வட்டமான நுண்கீறல்களிற் பல இவ்வாறு அன்போடு துடைத்தவர் கைவேலையே.

திருநீறும் இங்கே நினைக்கத்தக்கது. பசுவின் சாணத்தைச் சுட்டெடுத்த நீற்றிலும் மணலின் இனமாகிய சிலிக்கா உண்டு. வீட்டிற் பித்தளைப் பாத்திரத்தைச் சாம்பலிட்டுத் துலக்குவதன் காரணம் இதுவே. பித்தளைக்கு ஒளி தரும் அது மெருகேறிய பிளாஸ்ரிக்கின் ஒளியைக் கெடுத்துவிடும். நெற்றிக்குரிய நீறு நெற்றியிலேயே விளங்குக. அணிந்த விரலைக் கழுவிய பின்னர் கணினியைத் தொடுக.

நாவலப்பிட்டியில் வாழும் நமக்குப் பிறிதொரு கவலையும் உண்டு. அதுவே ஈரம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதற் செப்ரெம்பர் வரையுள்ள காலத்தில் நம்மூரில் துணி உலர்வதும் அரிதாகும். நமக்கு அணித்தான கினிகத்தேனை, வட்டவளைப் பகுதிகள் இலங்கையில் மழை மிக்க இடங்களுட் சேர்த்து எண்ணப்படுகின்றன. காற்றில் ஈரப்பதம் நூற்றுக்கு 70 இற்கு மேல் நீடிக்குமாயின் பூஞ்சணம் வளர இடமுண்டாகும். அதற்கு உணவும் வேண்டுமன்றோ? விரற்சுவட்டிலுள்ள எண்ணெயும் உணவுத் துணுக்குமே அவ்வுணவாகின்றன. சுவட்டிலுள்ள உப்போ காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கின்றது. ஆகவே இரண்டு நாட் சுவட்டுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. துடையாது பையிலிட்டு, விடுமுறை முழுவதும் அலுமாரியிற் பூட்டி வைத்த சுவட்டுக்கே அஞ்சுதல் வேண்டும். நாள்தோறும் பலமுறை தேய்ப்பதினும், தேவையானபோது ஒருமுறையும் தவணை விடுமுறைக்கு முன் ஒருமுறையும் செவ்வனே துடைத்தல் நன்று. ஈரப் பையினுள் வையாது, சிலிக்கா களிப் பொட்டலம் ஒன்றிரண்டுடன் உலர்ந்த அலுமாரியில் வைத்தலும் வேண்டும்.

துடைக்கும் முறையை வரிசையாகக் கூறுவோம். கணினியை முற்றாக நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றி, சூடு ஆறும்வரை பொறுத்திருக்க. இருண்ட திரையைச் சாளர வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கின், சுவடுகள் எங்குள்ளன என்பது தெளிவாகும். முதலிற் புழுதியை நீக்குக. மயிர் மெல்லிய புதிய ஓவியத் தூரிகையால் அழுத்தாமல் தட்டிவிடுதல் போதும். அதன் பின்னரே துணியைக் கையிலெடுக்க வேண்டும். உலர்ந்த துணியால் ஒரே திசையில், இலேசாக, மேலிருந்து கீழே இழுத்துத் துடைக்க. திரையைத் துடைக்கும்போது மற்றக் கையால் அதன் பின்புறத்தைத் தாங்குதல் நன்று. திரை அழுத்தத்தைத் தாங்காது.

இவ்வளவிற் சுவடு போகாதாயின் துணியின் ஒரு மூலையை வடித்த நீரில் நனைத்து, பிழிந்து, துளி சொட்டாத நிலையிற் பயன்படுத்துக. குழாய் நீர் உலர்ந்தபின் சிலவிடங்களில் வெண்புள்ளிகளை விட்டுச் செல்லும். வடித்த நீரில் அக்குறை இல்லை. நீரையோ வேறு திரவத்தையோ திரைமேல் நேரே தெளித்தல் ஆகாது. தெளித்த நீர் வழிந்து திரையின் கீழ்விளிம்பினூடே உட்புகுந்து, அங்குள்ள மின்னிணைப்புகளைப் பழுதாக்கும். மூடியில் எண்ணெய் மிகப் படிந்திருந்தால் ஒரு கோப்பை நீரில் பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் ஒரு துளி கலந்து பயன்படுத்தலாம். சவர்க்காரத்தின் நுண்கூறு ஒருபுறம் எண்ணெயையும் மறுபுறம் நீரையும் பற்றுவதால் எண்ணெய் பெயர்ந்து வருகின்றது. பின்னர் வெறும் நீர் தோய்ந்த துணியாலும், இறுதியில் உலர்ந்த துணியாலும் துடைத்து, முற்றாக உலர்ந்த பின்னரே மின்னிணைப்புக் கொடுத்தல் வேண்டும்.

துணி எது என்பதும் முக்கியம். மைக்ரோபைபர் எனப்படும் நுண்ணிழைத் துணியே இதற்கு ஏற்றது. 1970 இல் சப்பானியக் கம்பனியாகிய தோரேயில் மியோசி ஒகமோத்தோ என்னும் அறிஞர் தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய இழைகளை ஆக்கும் வழி கண்டார். அத்துறை வளர்ந்ததன் பயனே இன்று மூக்குக்கண்ணாடிக் கடையில் நமக்குக் கிடைக்கும் மெல்லிய துணி. பிளவுபட்ட இழைகளின் இடுக்குகள் எண்ணெயையும் தூசியையும் தம்முள் இழுத்துக்கொள்கின்றன. சாதாரணத் துணி எண்ணெயை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குத் தள்ளிவிடுகின்றது. நுண்ணிழைத் துணியைத் தனியே சவர்க்காரமிட்டு அலசி நிழலில் உலர்த்துக. துணியை மென்மையாக்கும் திரவங்களைச் சேர்த்தால் இடுக்குகள் அடைபட்டுத் துணி பயனற்றதாகும். நிலத்தில் விழுந்த துணியைக் கழுவாமல் மீண்டும் திரையில் வைத்தலும் கூடாது.

விலக்க வேண்டியன சில. சட்டை நுனி, சேலைத் தலைப்பு, பையிற் கிடந்த கைலேஞ்சி, செய்தித்தாள் ஆகியன ஆகா. கரும்பலகை துடைத்த துணியோ அறவே ஆகாது. நகப்பூச்சு நீக்கியிலுள்ள அசற்றோன் பிளாஸ்ரிக்கையே கரைக்க வல்லது. அமோனியா கலந்த சாளரத் திரவம் திரையின் மேற்பூச்சைக் கெடுக்கும். தொடுதிரைகள் பலவற்றில் எண்ணெயை ஒட்டவிடாத மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. 2009 இல் அப்பிள் கம்பனியின் கைத்தொலைபேசியில் அது இடம்பெற்றபின் யாவரும் அறிந்ததாயிற்று. உரத்த தேய்ப்பால் அப்பூச்சு தேய்ந்து போகும், போனால் மீளாது. 2020 இற்குப் பின் எங்கும் பரவிய கைச்சுத்திகரிப்புக் களியில், தோல் வறளாதிருத்தற்பொருட்டுக் கிளிசரீன் போன்றவை சேர்க்கப்படுகின்றன. அவை கணினியிற் பட்டால் பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பற்றும். நோய்க்கிருமி நீக்குதல் வேண்டுமெனின், கணினியோடு வந்த கைநூல் எதனை அனுமதிக்கின்றதெனப் பார்த்து அதன்படி செய்தலே தக்கது.

இப்பேணுதல் நம் மரபுக்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடிகளை நம் முன்னோர் தூசு தட்டி, எண்ணெய் பூசி, கட்டிக் காத்தனர். கண்டிப் பகுதி விகாரைகளிலும் ஏட்டெழுத்தின்மேற் பிசினெண்ணெயும் கரியும் தடவித் துடைத்தனர். பேணாது விட்ட ஏடுகள் தொட்ட மாத்திரத்தில் ஒடிந்து உதிர்ந்தமையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் தம் பதிப்புரையில் வருந்தி எழுதினார்கள். 1887 இற் கலித்தொகையை அச்சேற்றிய அப்பெரியாரின் உழைப்பு, எஞ்சியிருந்த ஏடுகளால் இயன்ற உழைப்பன்றோ? ஏட்டுக்கு எண்ணெய் நட்பு. கண்ணாடித் திரைக்கோ அதே எண்ணெய் பகை. பொருளின் இயல்பறிந்து பேணுதலே பேணுதல்.

வாணி விழாவிற் புத்தகத்தோடு மடிக்கணினியையும் வைத்துப் பூசித்தல் இக்காலத்திற் பொருத்தமான வழக்கமே. ஆனாற் சந்தனத்தையும் குங்குமத்தையும் மூடியின்மேல் நேரே இடவேண்டா. மஞ்சள் சேர்ந்த குங்குமத்தின் கறை பிளாஸ்ரிக்கில் ஊறும். உலர்ந்த சந்தனத்தைச் சுரண்டும்போது கீறல் விழும். கணினியை ஒரு பட்டுத் துணியின்மேல் வைத்து, அத்துணியின் ஓரத்திலோ ஒரு சிறு தாளிலோ பொட்டிடுக. பூசையின் பயன் குறையாது.

மாணவர்காள், கணினி அறைக்குட் செல்லுமுன் கை கழுவி உலர்த்துங்கள். மூடியைத் திறக்கையில் நடுவிளிம்பைப் பற்றித் திறவுங்கள். திரையைச் சுட்டிக்காட்டும் விரல் திரைக்கு ஓரங்குலம் முன்னே நிற்கட்டும். நூறு முறை துடைப்பதினும் ஒரு முறை கை கழுவுதல் எளிது. கல்லூரிக்குக் கணினி வழங்க எண்ணும் பழைய மாணவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: பலர் கைபடும் பொருளாதலின் பளபளப்பு நீங்கிய மூடியும் திரையும் உடையதையே தெரிந்து வாங்குங்கள், பெட்டியினுள் நுண்ணிழைத் துணி இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள். அத்துணியின் விலை சிறிது. அது காக்கும் காலமோ பல ஆண்டு.