'வழுக்கப் போறேன்'னு முன்கூட்டியே சொல்லுமா உங்க டயர்?

தேனி, கம்பம், கொடைக்கானல், கோயமுத்தூர் என்று மேற்கே போகிற பஸ்கள் உறுமுகிற இடம் ஆரப்பாளையம். அந்த வட்டாரத்து டயர் கடை எதிலாவது அரை மணி நேரம் நின்று பாருங்கள். மீசை முளைத்து நாலைந்து வருஷமே ஆன தம்பி ஒருவர், செகண்ட் ஹாண்ட் ஸ்விஃப்டில் வந்து இறங்குவார்.

"அண்ணே, இதைவிட அகலமா டயர் போடலாமாண்ணே?"

இது முதல் கேள்வி. அடுத்தது, "எம்புட்டு ஆகும்?" அதற்கடுத்தது, "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது டயர் பிடியை விடப் போகிறதென்றால், ஓட்டுகிறவனுக்கு முன்கூட்டியே சேதி சொல்லுமா?

ஒரு டன் எடையுள்ள காரில் ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். பிரேக், திருப்பம், வீட்டம்மா, குழந்தைகள், பின்சீட்டு மாமியார்... எல்லாமே அந்த நாலு உள்ளங்கையை நம்பித்தான்!

கடன் கொடுத்தவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒருத்தர் தவணைக்கு ஒரு வாரம் முன்பே ஞாபகப்படுத்துவார். இன்னொருத்தர் வாயே திறக்காமல் திடீரென்று ஜப்தி நோட்டீஸோடு வாசலில் நிற்பார். டயரும் அப்படித்தான். நல்ல டயர் முதலில் லேசாக முனகும். ஸ்டியரிங் கொஞ்சம் லேசாகும். வண்டி நினைத்ததைவிட ஓர் அடி வெளியே போகும். நீங்கள் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், 'சரி' என்று திரும்பி வந்துவிடும். மற்ற ரகம் கடைசிவரை கெட்டியாகப் பிடித்துவிட்டு, ஒரேயடியாகக் கைவிடும். காட்ரோடு தாண்டி கொடைக்கானல் மலை ஏறுகிறவருக்கு எந்த ரகம் வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அகலத்துக்கு வருவோம். டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்தது. 185/65 ஆர்15 என்றால் 185 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 சதவிகிதம் பக்கச் சுவரின் உயரம், 15 அங்குல ரிம். ஸ்விஃப்டில் கம்பெனியே கொடுத்த இன்னொரு சைஸ் 165/80 ஆர்14. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகி 2021-ல் வந்த ஹூண்டாய் ஐ20 என்-லைனில் 195/55 ஆர்16. கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள். மூன்றின் மொத்த உயரமும் சுமார் 62 சென்டிமீட்டர்தான்! மாறுவது பக்கச் சுவர். 132, 120, 107 மில்லிமீட்டர் என்று குறைந்துகொண்டே போகும். சுவர் குட்டையானால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே பதில் சொல்லும். ஆனால் தோண்டிப் போட்டு மூட மறந்த பள்ளத்தில் விழுந்தால், ரிம்மும் உடனே பதில் சொல்லும்!

14 அங்குல ரிம் ஸ்விஃப்டுக்கு வித்தியாசம் தெரிய வேண்டுமா? ரிம்மோடு சேர்த்து 185/65 ஆர்15-க்கு மாறுவது உத்தமம். அதே குறுகிய ரிம்மில் 195-ஐத் திணித்தால், சுவர் பூசணிக்காய் மாதிரி பிதுங்கும். வளைவில் டயர் ஒரு பக்கம், ரிம் ஒரு பக்கம் என்று ஆடும். பார்வைக்குக் கம்பீரம், ஓட்டும்போது கலக்கம்!

ரப்பரிலும் விஷயம் இருக்கிறது. நிறைய கிலோமீட்டர் உழைக்கும் டயரில் பெரும்பாலும் ரப்பர் கெட்டியாக இருக்கும். ஈர ரோட்டில் பிடிப்பு அதற்குக் கொஞ்சம் குறையலாம். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த பை-பாஸில் முதல் மழை விழும்போது தூசியும் எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்து ஒரு பசை போடுமே, டயருக்கு நிஜப் பரீட்சை அன்றைக்குத்தான். ஈரச் சாலைப் பிடிப்புக்கு மத்திய அரசே 2022-ல் விதி கொண்டுவந்தது. கடைக்காரரிடம் மைலேஜ் கேட்கும் வாயால் இதையும் கேட்டு வையுங்கள்.

காசு இடிக்கிறது, இரண்டுதான் வாங்க முடியும் என்றால்? புதுசைப் பின்னால் போடுங்கள். "முன் சக்கரம்தானே இழுக்குது, முன்னாடி போடுங்க" என்று எல்லோரும் சொல்வார்கள். முன்பக்கம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றும். நம்மில் பெரும்பாலோர் அதைச் சமாளிக்கிற ஆட்கள் இல்லை. ஒரே அச்சில் இடதுக்கு ஒரு பிராண்டு, வலதுக்கு ஒரு பிராண்டு என்று மாட்டுகிற கஞ்சத்தனமும் வேண்டாம்.

பி.காம். படித்தவன் என்பதால் தேய்மானம் என்ற சொல்லை ஏட்டில்தான் எழுதிப் பழகியிருந்தேன். அதற்கு நேரடி அர்த்தம் டயரில்தான் இருக்கிறது. காருக்குச் சட்டப்படி குறைந்தபட்சக் காடி ஆழம் 1.6 மில்லிமீட்டர். அதுவரை காத்திருந்தால் மழையில் பிடிப்பு எப்போதோ போயிருக்கும். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வயதாகி இறுகும். பக்கச் சுவரில் முட்டை வடிவத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 1424 என்றால் 2024-ம் வருஷம் 14-வது வாரம் பிறந்தது. 'ஸ்டாக் கிளியரன்ஸ்' என்று தள்ளுபடி வந்தால் முதலில் அந்த ஜாதகத்தைப் பாருங்கள்.

காற்று? டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே பாருங்கள். மத்தியான வெயிலில் ஓடி வந்த டயரில் அளவு கூடத்தான் காட்டும். பயந்து பிடுங்கிவிட்டால் மறுநாள் காலையில் காற்று கம்மி. நைட்ரஜன்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஓசிக் காற்றிலேயே 78 சதவிகிதம் நைட்ரஜன்தான்!

சில தம்பிகள் இன்னொன்றும் சொல்வார்கள். "அண்ணே, விடிஞ்சா கொடைக்கானல், இன்னைக்கு ராத்திரியே மாட்டி விட்டுருங்க." புது டயரின் மேல், அச்சிலிருந்து கழற்றுவதற்காகப் பூசும் வழவழப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும். அது போக இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் நிதானமாக ஓட்ட வேண்டும். ஒரு வாரம் முன்னாடியே மாட்டி, திண்டுக்கல் வரை ரெண்டு தடவை போய் வந்துவிடுங்கள். தலப்பாக்கட்டு பிரியாணி சாப்பிட அதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.