வெயிலும் சூரிய மின்கலமும்

மதுரையில் வெயில் கொளுத்தக் கொளுத்தச் சூரிய மின்கலத்துக்குக் கொண்டாட்டம் என்று நாம் எண்ணுகிறோம். அதற்கு வேண்டியது ஒளி, உஷ்ணம் அன்று. சிலிக்கன் சூடேறினால் மின்னோட்டம் இம்மியளவு கூடும். மின்னழுத்தமோ டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். அரை வோல்ட்டுச் சொச்சமே தரும் மின்கலத்துக்கு இது சிறிதன்று.

பலகையில் குறித்துள்ள திறன், மின்கலம் 25 டிகிரி செல்சியஸில் இருக்கையில் அளந்தது. சித்திரை நண்பகலில் நம் மொட்டைமாடிப் பலகை 60 டிகிரியைத் தொடுவதுண்டு. அப்போது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு திறன் குறைந்துவிடும், அதுவும் மின்விசிறி ஓயாது சுழலும் வேளையில்! தெற்கே கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் நிலையமும் இவ்விதிக்குத் தப்பவில்லை.

தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கலாமே என்றால், வைகை வறண்டு கிடக்கும் கோடையில் அதற்கு எங்கே போவது? ஆகவே பலகையைத் தளத்தோடு ஒட்டாமல், அடியில் காற்றோட இடம்விட்டுச் சட்டத்தின்மேல் நிறுத்துகிறோம்.