தொப்பைக்குள் எத்தனை வெள்ளையணுக்கள் தெரியுமா?

ஸ்ரீரங்கப்பட்டணம் என்றால் ரங்கநாதர், காவிரி, திப்புவின் கோட்டை. இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரியும். அறுவை சிகிச்சை வரலாற்றிலும் அந்தத் தீவூருக்கு ஓர் இடம் இருக்கிறது, தெரியுமா? ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வந்த 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு வண்டிமாடு ஓட்டிய காவஸ்ஜி திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் அறுத்துவிட்டார்கள். பிறகு புனே பக்கம், செங்கல் சூளைக் குலத்தைச் சேர்ந்த ஒருவர் காவஸ்ஜியின் நெற்றித் தோலையே கீழே திருப்பி இறக்கிப் புது மூக்கு வைத்தார்! 1794 அக்டோபரில் லண்டனின் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' படத்தோடு அதை வெளியிட்டது. ஜோசப் கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் லண்டனிலேயே அதைச் செய்து காட்டினார்.

அந்த மூக்கு ஏன் ஒட்டிக்கொண்டது? அவருடைய சொந்தத் தோல் என்பதால்! அடுத்தவர் தோலை வைத்திருந்தால் உடம்பின் வெள்ளையணுக்கள் சில நாட்களிலேயே அதை அழித்துத் தள்ளியிருக்கும். இவ்வளவு கறாரான அந்த வெள்ளையணுக்கள் எங்கெல்லாம் குடியிருக்கின்றன? ரத்தத்தில், எலும்பு மஜ்ஜையில், நிணநீர்க் கணுக்களில்... கூடவே நம் தொப்பையிலும்!

ஆமாம், கொழுப்பு சும்மா கிடக்கும் சுமை அல்ல! கொழுப்புத் திசு டி.என்.எஃப் என்ற அழற்சிப் பொருளைச் சுரக்கிறது என்று ஹோதாமிஸ்லிகில், ஸ்பீகல்மன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1993-ல் காட்டினார்கள். சர்க்கரை நோய்க்கு வழிவிடுவதில் அதற்குப் பங்கு உண்டு. பத்து வருடம் கழித்து, 2003-ல் இன்னும் பெரிய செய்தி வந்தது. ஒல்லியானவரின் கொழுப்புத் திசுவில் பத்தில் ஒரு செல்லோ அதற்கும் குறைவாகவோதான் மேக்ரோஃபேஜ், அதாவது கிருமிகளை விழுங்கும் வெள்ளையணு. பருமன் ஏற ஏற அது பத்தில் நாலை நெருங்கிவிடுகிறதாம்! அங்கே கிருமியே கிடையாது. ஊதிப் பெருத்த கொழுப்புச் செல்களுக்குப் பிராணவாயு போதாமல் போகிறது, சில செத்தும் விழுகின்றன. செத்த செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் வட்டமாகக் கூடிவிடுகின்றன. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனால் உடம்பெங்கும் மெல்லிய அழற்சி வருடக்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

இவ்வளவு வெள்ளையணு கூடினால் நோய் கிட்டவே வராது என்றுதானே தோன்றும்? நடப்பது நேர் எதிர்! ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பருமனானவர்களிடம் சரியாகப் பிடிப்பதில்லை என்று 1985-லேயே எழுதிவிட்டார்கள். ஃப்ளூ ஊசி போட்டால் முதல் மாதம் எதிர்ப்புப் பொருள் நன்றாகவே ஏறுகிறது, வருடம் முடிவதற்குள் மற்றவர்களைவிட வேகமாக இறங்கிவிடுகிறது. 2009 பன்றிக் காய்ச்சலும் அடுத்து வந்த கோவிடும் பருமனானவர்களை எப்படிப் படுத்தின என்பதை நாம் பார்த்தோம். எதிர்ப்புச் சக்தி இப்படித் தடுமாறுவதற்கு இன்னோர் உதாரணத்தை 2018-ல் கண்டார்கள். புற்றுச் செல்களைத் தேடிக் கொல்லும் 'என்.கே' செல்களுக்குள்ளேயே கொழுப்பு அடைத்துக்கொண்டு, அவற்றின் வேலையை முடக்கிவிடுகிறது!

"நான் ஒல்லிதான், எனக்கென்ன?" என்கிறீர்களா? அப்படியானால் மைசூரு ஹோல்ட்ஸ்வர்த் நினைவு ஆஸ்பத்திரியைத் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர்தான். 1934 முதல் அங்கே பிறந்த குழந்தைகளின் எடை, நீளம், தலைச் சுற்றளவு எல்லாவற்றையும் குறித்து, அந்தப் பதிவேடுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டு, அப்படிப் பிறந்த 517 பேரைப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள்! 'லான்செட்' இதழ் 1996-ல் முடிவை வெளியிட்டது. ஐந்தரை பவுண்டுக்கு மேற்படாமல் பிறந்தவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதய நோய். ஏழு பவுண்டுக்குக் குறையாமல் பிறந்தவர்களில் 3 சதவீதம்தான். அதே ஆஸ்பத்திரியில் 1997-ல் தொடங்கிய பார்த்தினான் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. மைசூருக் குழந்தை பிரிட்டிஷ் குழந்தையைவிடச் சின்னது, சதையும் குறைவு. ஆனால் முதுகுத் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை! புனே டாக்டர் யாக்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்டு 2004-ல் வெளியிட்ட படம் மருத்துவ உலகில் பிரசித்தம். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ இருவருக்கும் 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2! அதனால்தான் நமக்கு பி.எம்.ஐ 25 தொட்டாலே பருமன் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

இனி எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு வருவோம். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். 'பைபாஸ்' முறையில் பாதையையே மாற்றுகிறார்கள். 2023-ல் திறந்த பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலையில் வண்டிகள் ஸ்ரீரங்கப்பட்டணம் ஊருக்குள் நுழையாமல் போகின்றன அல்லவா, அதுபோலச் சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமல் போய்விடும். எடை இறங்குவதற்கு முன்பே, சில நாட்களில் சர்க்கரை இறங்கத் தொடங்கும்! மூன்று மாதத்தில் கொழுப்புத் திசுவில் மேக்ரோஃபேஜ் கூட்டம் குறைந்திருந்ததைப் பாரிஸ் ஆய்வாளர்கள் 2005-ல் கண்டார்கள். ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி அளவும் இறங்குகிறது. டென்மார்க்கில் பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு சோரியாசிஸ் வருவதுகூடக் குறைந்தது. வயிற்றில் கத்தி வைத்தால் தோல் நோய் தணிகிறது, பாருங்கள்!

ஆனால் கொழுப்புச் செல் லேசில் மறப்பதில்லை. சூரிச் ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு மலைப்பாக இருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு வருடமாகி, எடை நன்றாக இறங்கிய பிறகும், கொழுப்புத் திசுவின் மரபணு நடத்தையில் பழைய பருமனின் தடயங்கள் நீடித்தன. எலிகளில் அந்த நினைவு மரபணுவின் மேல் ரசாயனக் குறியாகவே பதிந்திருந்தது. எடை திரும்ப ஏறிவிட்டதே என்று அழுபவரைப் பார்த்து "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

கடைசியாக ஒன்று, நம் நாட்டுக்கு மிக முக்கியமானது. காசநோய் குண்டானவர்களைவிட மெலிந்தவர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. மங்களூருவின் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா தம்பதியர் தலைமையில் ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில், நோயாளிகளின் வீட்டாருக்கு நல்ல சாப்பாடு கொடுத்ததுமே அவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023-ல் வெளியான முடிவு இது! அப்படியானால் இரைப்பையைச் சுருக்கி, சத்து உறிஞ்சுவதைக் குறைக்கும்போது என்ன ஆகும்? குடலின் பெரும்பகுதியைத் தாண்டவிட்ட பழைய பைபாஸ் முறைக்கு ஆளானவர்களிடம் காசநோய் தலைதூக்கியதை 1970-களிலேயே கண்டிருக்கிறார்கள். ஆகவே இந்த அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செய்துகொண்டவர்கள் பி12, இரும்பு, வைட்டமின் டி மாத்திரைகளை "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்திவிடாதீர்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனைக்கு உடனே போங்கள்.